ஒரு வளைவு போதும்

கோலாலம்பூர் நடுவில் ஒரு தடவை கார் பந்தயம் நடந்தது என்று சொன்னால் இப்போது பலர், "செப்பாங்கில்தானே?" என்று கேட்கிறார்கள். பந்தயத்துக்கென்றே கட்டிய செப்பாங் இல்லை. ட்வின் டவரை அண்ணாந்து பார்க்கிற தூரத்தில், நாம் தினமும் ஜாமில் நின்று வேர்க்கிற அதே ரோடுகளில். 2015 ஆகஸ்ட் 7, 8, 9, மூன்று நாள். ஒரு சுற்று சுமார் 3.2 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவிலிருந்து வி8 சூப்பர்கார்களை, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். வருடா வருடம் நடக்கும் என்று பேச்சு இருந்தது. மறு வருடம் நடக்கவில்லை. அன்றைக்குப் பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக நினைப்பு. இங்கிருந்து வருடா வருடம் சிங்கப்பூர் இரவுப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். முதல் தடவை போகிறவர்கள் அன்று நாங்கள் பட்ட பாட்டையே திரும்பப் படுகிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

அப்போது எனக்கு டெஸ்பாட்ச் வேலை. செந்தூல் வீட்டிலிருந்து காலையில் மோட்டாரை எடுத்தால் ஜாலான் அம்பாங், ஜாலான் சுல்தான் இஸ்மாயில் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவேன். காசோலை, டெண்டர் பத்திரம், கையெழுத்துக்குப் போகும் கடிதம். எந்த இடத்தில் மேன்ஹோல் மூடி ரோட்டைவிட ஒரு விரல் பள்ளமாக இருக்கும், எங்கே பஸ் நின்று நின்று தார் அலை அலையாக எழும்பியிருக்கும், மழை பெய்தால் எந்த ஜங்ஷனில் வெள்ளைக்கோட்டின் மேல் டயர் பட்டதும் வண்டி இழுக்கும், எல்லாம் யோசிக்காமலே உடம்புக்குத் தெரியும். டெஸ்பாட்ச் ஓட்டுகிற எல்லோருக்கும் அப்படித்தான். அந்த ரோட்டில் பந்தயக் கார் ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் என் மனதில் வந்த முதல் கேள்வி, அந்த மூடிகளை என்ன செய்வார்கள் என்பதுதான்.

வெல்டிங் அடித்து மூடிவிடுவார்களாம். உலகத்தில் எந்த நகர ரோட்டில் பந்தயம் நடந்தாலும் முதல் வேலைகளில் அது ஒன்று. பந்தயக் காரின் அடிப்பாகம் தரையோடு தரையாக இருக்கும். அந்த இடுக்கில் காற்று வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து, இரும்பு மூடியையே மேலே இழுத்துவிடும். இது பந்தயத்துக்கென்றே கட்டிய இடத்திலும் நடக்கும். 2017இல் செப்பாங்கில் பயிற்சி ஓட்டத்தின்போது ஹாஸ் அணியின் ரோமன் குரோஷான் ஓட்டிய கார் கழன்றுகிடந்த வடிகால் மூடியில் ஏறி, பின் டயர் வெடித்து, சுழன்றுபோய்த் தடுப்பில் மோதியது. செப்பாங்கில் ஃபார்முலா ஒன் கடைசியாக நடந்த வருடம் அது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய விஷயம்.

சரி, கேஎல் கதைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை போனோம். நான், என் மகள், என் மச்சான். மகளுக்கு அப்போது 9 வயது. மச்சான் முந்தின வருடம் நவம்பரில் புத்ராஜெயாவில் ஃபார்முலா ஈ பார்த்துவிட்டு வந்தவன். சென்னைக்காரர் கருண் சந்தோக் ஓட்டுகிறார் என்பதற்காகவே போனான். அது மின்சாரக் கார். டயர் கீச்சிடுவதும் மோட்டார் சீறுவதும்தான் கேட்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே பார்க்கலாம். "காதுக்கெல்லாம் ஒண்ணும் வேணாம் மாமா, பாப்பாவைத் தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றான். நானும் நம்பி, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி, தித்திவங்சாவில் மோனோரயில் மாறி, புக்கிட் நானாஸில் இறங்கினோம். அதுவரை சரி. இறங்கியதும் எதிரே பார்வையாளர் மேடை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை. எங்கள் டிக்கெட்டின் நுழைவாயில் தடத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் கான்கிரீட் தடுப்பு, அதற்கு மேல் ஆள் உயரத்தைத் தாண்டிய கம்பிவலை. தினமும் மூன்று எட்டில் கடக்கிற ரோடு அன்றைக்கு ஆறு மாதிரி ஆகிவிட்டது, பாலம் இருக்கிற இடத்தில்தான் கடக்க வேண்டும். பாலத்தில் கூட்டம் நகரவில்லை. வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்து உட்கார முக்கால் மணி நேரம் ஆனது. முந்தின இரவே டிக்கெட்டில் இருக்கும் நுழைவாயில் எண்ணைப் பார்த்து, வரைபடத்தில் அது தடத்துக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் இறங்கியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. கிட்டத்தில் இருக்கிற ஸ்டேஷன் எது என்று தேடாதீர்கள், உங்கள் நுழைவாயில் தடத்தின் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இருக்கிற ஸ்டேஷன் எது என்று தேடுங்கள். நம் ஊர்தானே, எல்லாம் தெரிந்த இடம்தானே என்று போகிறவர்களுக்குத்தான் இது முக்கியமாகத் தேவைப்படும்.

உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் சூப்பர்கார் வந்தது.

5 லிட்டர் வி8 எஞ்சின். செப்பாங்கில் நான் ஃபார்முலா ஒன் கேட்டவன்தான். அங்கே சுற்றிலும் திறந்தவெளி, அதற்கப்பால் செம்பனை. சத்தம் கலைந்து போக இடம் உண்டு. இங்கே இரண்டு பக்கமும் கட்டடம். சத்தம் கண்ணாடியில் மோதி, எதிர்ச் சுவரில் மோதி, திரும்ப நம் நெஞ்சில் வந்து விழுகிறது. உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்துவிட்டாள். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்கியதை வைத்துத்தான் தெரிந்தது. அந்த நிமிடம் என்மேலேயே எனக்குக் கோபம். மச்சான் முகமும் வெளுத்துப்போனது.

எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் குனிந்து, பையிலிருந்து மஞ்சள் பஞ்சடைப்பான் இரண்டு எடுத்துக் கொடுத்தார். நான் அதை அப்படியே காதில் திணிக்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, செய்துகாட்டினார். முதலில் அதை இரண்டு விரலுக்கு நடுவில் திரிபோல மெல்லிசாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் உள்வழி நேராகும். திரியை உள்ளே விட்டு, அது மறுபடி உப்பி இடத்தை அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் வாசலில் செருகிக்கொண்டால் பாதிச் சத்தம் உள்ளே போய்விடும். மகள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். இன்னும் நாலு கார் போன பிறகு எழுந்து நின்றாள்.

தொடர்ந்து 85 டெசிபெலுக்கு மேல் கேட்டாலே காது கெடும் என்கிறார்கள். பந்தயக் கார் பக்கத்தில் 100ஐத் தாண்டும். பெரியவர்களுக்குப் பஞ்சடைப்பான் போதும், விலையும் சொற்பம். குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடுகிற கவசம்தான் சரி. புல்வெட்டுகிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்கிறார்களே, அதே மாதிரி. அடுத்த வாரமே ஹார்ட்வேர் கடையில் ஒன்று வாங்கினேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அப்படி இரண்டு மூன்று பேரைப் பார்த்தேன், இன்றும் மனசு கேட்கவில்லை.

காது சரியானதும் அடுத்த தப்பைச் செய்தேன். காசு கொடுத்து வந்திருக்கிறோம், எல்லா இடத்தையும் பார்த்துவிடலாம் என்று ஒரு பந்தயம் முழுக்க நடந்தோம். பார்த்தது என்னவென்றால் ஆட்களின் முதுகு, விளம்பரத் துணி, கம்பிவலை, அதற்கு நடுவில் ஒரு நிறம் மின்னி மறைவது. செப்பாங்கில் மேட்டில் உட்கார்ந்தால் தடத்தில் ஒரு பெரும் பகுதி கண்ணுக்குள் இருக்கும். நகர ரோட்டில் அந்தப் பேச்சே இல்லை. கட்டடம் மறைக்கும், மரம் மறைக்கும், தடுப்பு மறைக்கும். எங்கே நின்றாலும் அகப்படுவது நூறு, நூற்றைம்பது மீட்டர்தான்.

அதனால் நகரப் பந்தயத்தில் முழுப் பந்தயத்தையும் பார்க்க முடியாது. ஒரு வளைவைப் பார்க்கலாம். அந்த ஒரு வளைவைக் கடைசிவரை விடாமல் பார்த்தால் பந்தயம் தானாகப் புரிய ஆரம்பிக்கும். இது எனக்கு அன்று மத்தியானத்துக்கு மேல்தான் விளங்கியது.

களைத்துப்போய் எங்கள் இடத்துக்கே திரும்பி வந்து மேல்வரிசையில் உட்கார்ந்தோம். எதிரே நேர்ரோடு முடிந்து வண்டிகள் பிரேக் போட்டுத் திரும்பும் இடம். முதலில் எல்லாக் காரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. பிறகு அந்த மேடு கண்ணில் பட்டது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கம். எனக்கு நன்றாகத் தெரிந்த மேடு. அதில் ஏறினால் என் மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தல் டொக்கென்று அடிக்கும், அவ்வளவுதான். இப்போது அதே இடத்தில் 1,400 கிலோவுக்குக் குறையாத கார் பிரேக்கை அழுத்திக்கொண்டு வருகிறது. மேட்டில் ஏறிய நொடியில் பின்பக்கம் லேசாகிறது. ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பி, சுற்றாமல் நின்று, மறுபடி விழும்போது வெள்ளையாக ஒரு புகைக்கீற்று. ஓட்டுகிறவரின் கைகள் ஸ்டீயரிங்கில் ஒரு வெட்டு வெட்டித் திருப்புவது மேலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொருவருக்கும்.

மகள்தான் முதலில் கவனித்தாள். "அப்பா, அந்த நீலக் காரு மட்டும் குதிக்கலப்பா." உண்மைதான். அந்த ஓட்டுநர் மேட்டுக்கு முன்னாலேயே ஒரு சாண் வலது பக்கம் ஒதுங்கி, அப்புறம் பிரேக் போட்டார். வளைவுக்குள் நுழைவது கொஞ்சம் இறுக்கமாகிறது, ஆனால் வண்டி அடங்கி நிற்கிறது. நாலைந்து சுற்று போனதும் இன்னும் இரண்டு பேர் அதே வழிக்கு வந்தார்கள். மழைநாளில் நான் அந்த இடத்தில் எடுக்கிற வழியும் கிட்டத்தட்ட அதுதான். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. எவ்வளவோ தூரத்திலிருந்து வந்த ஒருவர் ஒரே நாளில் என் ரோட்டைப் படித்துவிட்டார்.

ரோடு நிறம் மாறுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தோம். நாம் ஓட்டுகிற ரோட்டில் தூசி, மண், எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் முதல் ஓட்டங்களில் டயர் பிடிக்காது. கார்கள் ஓட ஓட டயர் ரப்பர் தேய்ந்து தாரில் அப்பி, போகிற வழி கறுப்புக் கோடாகப் படியும். அந்தக் கோட்டுக்குள் இருந்தால் பிடிமானம், வெளியே போனால் வழுக்கல். காலையில் சாம்பலாகக் கிடந்த வளைவில் சாயங்காலம் பெயிண்ட் அடித்த மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. இதனால்தான் பயிற்சி ஓட்டத்தைத் தவறவிடாதீர்கள் என்று சொல்கிறேன். முதல் நாள் கூட்டமும் குறைவு. நம் வளைவின் குணத்தை அன்றே தெரிந்துகொண்டால் கடைசி நாள் பந்தயத்தில் யார் தடுமாறுகிறார்கள் என்பது அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரியும்.

வளைவைத் தேர்ந்தெடுக்கும்போது நீளமான நேர்ரோடு முடிகிற இடமா என்று பாருங்கள், முந்துவது அங்கேதான் நடக்கும். கீழ்வரிசை கிட்டத்தில் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். கீழே உட்கார்ந்தால் கண் கம்பிவலையிலேயே போய் நிற்கும். மேலே உட்கார்ந்தால் வலைக்கு மேலாகப் பார்க்கலாம். பெரிய திரை கண்ணில் படுகிறதா என்பதும் முக்கியம், மற்ற வளைவுகளில் நடப்பதை அதுதான் சொல்லும். சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழும் என்று ஊர்க்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைப்பேசியை நம்பாதீர்கள். மச்சான் தண்ணீர் வாங்கப் போய் ஒரு மணி நேரம் வரவில்லை. அத்தனை கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை, குறுஞ்செய்தியும் போகவில்லை. எங்கே சந்திப்பது என்று பேசிவைக்கவும் இல்லை. இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் ஓர் இடத்தைக் காட்டி, "தொலைந்தால் இங்கே, ஒவ்வொரு மணிக்கும்" என்று சொல்லிவிடுவேன். குழந்தையின் சட்டைப்பையில் நம் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தால், திரும்ப உள்ளே விடுவார்களா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் என் வேலை நாறிப்போனது. ரோடு மூடியதால் பத்து நிமிட டெலிவரிக்கு ஒரு மணி நேரம். மோட்டாரை எங்கோ நிறுத்திவிட்டுக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். அந்த வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், மத்தியானக் கூட்டம் வரவே இல்லை என்று வருத்தப்பட்டார். பந்தயம் எனக்குப் பிடித்திருந்தது, அவர் வருத்தமும் நியாயம். அடுத்த வாரம் முழுக்க அவர் கடையில்தான் பசியாறினேன்.

அதற்குப் பிறகு 2022 அக்டோபர் 2ஆம் தேதி சிங்கப்பூர் மரினா பேயில்தான் மறுபடி ஒரு நகரப் பந்தயம் பார்த்தேன். 2008இல் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம் நடந்த அதே தடம். மகளுக்கு 16. கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி முந்தின நாளே போய்விட்டோம். அன்று இரவே திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள். பந்தயம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மழை கொட்டி, 8 மணிக்குத் தொடங்க வேண்டியது 9 மணிக்கு மேல்தான் தொடங்கியது. குடை வேண்டவே வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். தலையோடு மூடுகிற மழைக்கோட்டும், பையைப் போட்டுக் கட்ட ஒரு குப்பைப் பிளாஸ்டிக்கும் எங்களைக் காப்பாற்றின. காலுக்கு மட்டும் வழி யோசிக்கவில்லை. இன்னொரு ஜோடி காலுறை கொண்டுபோங்கள்.

இந்தத் தடவை எங்கும் அலையவில்லை. ஒரே வளைவு. மழை விட்டதும் தடம் மெல்லக் காயத் தொடங்கியது. மெர்சிடிஸ் ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸல் எல்லோருக்கும் முன்னால் காய்ந்த ரோட்டு டயருக்கு மாறியதைத் திரையில் காட்டினார்கள். சுற்றிலும் ஆரவாரம். மகள் திரையைப் பார்க்கவில்லை, எங்கள் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப சீக்கிரம்பா. இங்க இன்னும் தண்ணி தெறிக்குது. வெள்ளைக்கோடு பளபளன்னு இருக்கு பாருங்க." அவள் சொன்னபடியே ரஸ்ஸல் வழுக்கி வழுக்கித் தவித்தார். மற்றவர்கள் பத்துச் சுற்றுக்கும் மேல் காத்திருந்துதான் மாறினார்கள். பந்தயம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரு கணக்கு. அது முடிந்துவிட்டதால் 61 சுற்றில் 59தான் ஓடியது. செர்ஜியோ பெரெஸ் ஜெயித்தார்.

முடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தோம். எம்ஆர்டி ரயில் வரிசையில் நிற்பதைவிட அது மேல். பிறகு தடத்தைத் திறந்துவிட்டார்கள், நாங்களும் இறங்கி நடந்தோம். ஈரத்தில் ஊறிய ரப்பர் துணுக்குகள் செருப்பில் ஒட்டின. மகள் திடீரென்று குனிந்து உட்கார்ந்தாள். "அப்பா, இங்க வாங்களேன்." ஒரு மேன்ஹோல் மூடி. அதன் விளிம்பில் நாலு இடத்தில் விரல் நீளத்துக்கு வெல்டிங் அடித்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தழும்புகள் மினுங்கின. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். மூடி ரோட்டோடு ரோடாகச் சமமாக இருந்தது.